நம்பர் கேட்டா, எதுக்குன்னு கேளுங்க

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் நம் செயலாளர் பேசியது. பேசிய நடையிலேயே தரப்படுகிறது.)



போன மாசக் கூட்டத்தில், "செல்போனும் நம்ம பாதுகாப்பும்" என்ற தலைப்பில் யார் பேசறதுன்னு பேச்சு வந்தது. "செயலாளர்தான் பெரிய போன் வெச்சிருக்காங்க, அவங்களே பேசட்டும்"னு எல்லாரும் சொன்னீங்க. நான் வேண்டாம்னு சொன்னேன். அடக்கம்னு நினைச்சுக்கிட்டீங்க. அடக்கம் இல்லை, பயம். இதைப் பத்திப் பேசணும்னா முதல்ல நான் ஒரு தப்பை ஒத்துக்கணும். அதை உங்ககிட்ட இதுவரைக்கும் சொன்னதில்லை. இன்னைக்குச் சொல்லிடறேன்.

ஒரு ஹாட் பாக்ஸ் கதை

ஆறு வருசத்துக்கு முன்னாடி நான் எங்க குழுவுக்கு ஊக்குநர். ஊராட்சிக் கூட்டமைப்புக் கணக்கையும் நான்தான் எழுதிக்கிட்டிருந்தேன். டவுன்ல ஒரு பொருட்காட்சி நடந்தது. நம்ம பெண்கள் ஊறுகாய், அப்பளம், சணல் பைன்னு கடை போட்டிருந்தோம். எதிர்ல வீட்டுச் சாமான் விக்கிற ஒரு கடை. அதில் நின்ன பையன் நல்ல மரியாதையான பையன். "அக்கா, பேரும் நம்பரும் எழுதிப் போடுங்க, குலுக்கல்ல பரிசு"ன்னான். போட்டேன். "தெரிஞ்சவங்க நம்பர் அம்பதுக்கு மேல குடுத்தா குலுக்கலே வேண்டாம், இப்பவே கையில ஒரு ஹாட் பாக்ஸ்"ன்னான்.

என் பையில நம்ம நோட்டு இருந்தது. கூட்டத்துக்குக் கூப்பிடறதுக்காக நீங்க நம்பி எழுதிக் கொடுத்த நோட்டு. பேரு, குழு, ஊரு, நம்பரு, கடன் நிலுவை எல்லாம் அதில் வரிசையா இருக்கும். அவன் நாலு பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கிட்டான். மொத்தம் 63 பேர். ரெண்டு நிமிசம்கூட ஆகலை. நான் ஹாட் பாக்ஸை வாங்கிட்டு சந்தோசமா வீட்டுக்கு வந்தேன்.

அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும். "பிளாட் வேணுமா", "இன்சூரன்ஸ் வேணுமா", "மூட்டு வலிக்கு எண்ணெய் வந்திருக்கு", "குழு அக்காங்களுக்கு மட்டும் தனிக் கடன்". பூ பறிக்கும்போது போன். பஸ்ல போன். நம்ம பக்கத்து ஊர் அக்கா மாமியார் செத்த வீட்டில் உட்கார்ந்திருந்தப்பவும் போன். அந்த அக்கா அடுத்த கூட்டத்தில் எழுந்து கேட்டாங்க: "இவனுங்களுக்கெல்லாம் என் நம்பர் எப்படித்தான் கிடைக்குது? என் பேரையும் குழுப் பேரையும் சொல்லிக் கூப்பிடறானே?" எல்லாரும் சிரிச்சோம். நானும் சிரிச்சேன். எனக்குப் பதில் தெரியும். சொல்லலை.

அந்த ஹாட் பாக்ஸ் எங்க வீட்டுப் பரண்ல இன்னமும் இருக்கு. ஒரு நாள்கூட அதில் சோறு வெச்சதில்லை.

நம்பர்ல என்ன இருக்கு?

"வெறும் நம்பர்தானே, அதை வெச்சு என்ன பண்ணிடுவான்?"னு கேப்பீங்க. வெறும் பத்து இலக்கம் மட்டும்னா ஒண்ணும் பண்ண முடியாதுதான். ஆனா நம்பரோட பேரு சேரும். பேரோட ஊரு சேரும். ஊரோட "இவங்க குழுவுல இருக்காங்க, கடன் வாங்கிக் கட்டுறவங்க"ங்கிற விவரம் சேரும். அப்ப அது நம்பர் இல்லை, நம்ம வீட்டு வாசல். யாரு வேணும்னாலும் வந்து தட்டலாம். உள்ள யாரு இருக்கா, என்ன கஷ்டம்னு தெரிஞ்சுக்கிட்டே தட்டறான்.

2023 செப்டம்பர் 15-ஆம் தேதி கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, மாசம் 1,000 ரூபாய், ஆரம்பிச்சாங்க. அந்தச் சமயம் எனக்கே ஒரு போன் வந்தது. "அம்மா, உங்க உரிமைத் தொகை நின்னு போகப்போகுது, போன்ல வந்த ஓடிபியைச் சொல்லுங்க"ன்னு. என் பேரைச் சரியாச் சொன்னான், ஊரைச் சொன்னான். அதனாலேயே நம்பத் தோணுச்சு. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க: நம்ம விவரம் தெரிஞ்சு பேசறான்கிறதால அவன் அதிகாரி ஆயிட மாட்டான். விவரம் கடைச்சரக்கு மாதிரி கைமாறிக்கிட்டு இருக்கு. எந்த வங்கியும், எந்த அரசு அலுவலகமும் போன் பண்ணி ஓடிபி கேக்காது.

தட்டுறவனை நிறுத்த என்ன வழி?

வழி இருக்கு. நிறைய பேருக்குத் தெரியாததால சொல்றேன்.

விளம்பர அழைப்பு வேண்டாம்னு பதிவு பண்ண 1909-ன்னு ஒரு நம்பர். இந்தியா முழுக்க, எந்த சிம் ஆனாலும் இதுதான். மெசேஜ் எழுதற இடத்தில் ஆங்கிலத்தில் 'ஸ்டார்ட்'னு டைப் பண்ணி, ஒரு இடைவெளி விட்டு, 0 போட்டு 1909-க்கு அனுப்பணும். எழுத வராதவங்க 1909-க்குப் போன் பண்ணியே சொல்லலாம். பட்டன் போன்லயும் இது நடக்கும். காசு கிடையாது. இதைப் பண்ணினா வங்கி மெசேஜ் நின்னுடுமோன்னு ஒரு அக்கா கேட்டாங்க. நிக்காது. பணம் வந்தது, பணம் எடுத்தது, ஓடிபி எல்லாம் வழக்கம்போல வரும்.

பதிவு பண்ணியும் கூப்பிட்டா அதே 1909-ல புகார் பண்ணலாம். கூப்பிட்ட நம்பர், தேதி, என்ன விஷயம் பேசினான், இந்த மூணும் வேணும். முன்னாடி மூணு நாளுக்குள்ள சொல்லணும்னு இருந்தது. 2025-ல விதியை மாத்தி ஏழு நாள் ஆக்கியிருக்காங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்னு விடாம அன்னைக்கே குறிச்சு வெச்சுக்கோங்க.

இன்னும் ரெண்டு அடையாளம். முறைப்படி பதிவு செஞ்ச விளம்பர அழைப்பு 140-ல ஆரம்பிக்கும். வங்கி, இன்சூரன்ஸ் மாதிரி இடங்கள் வாடிக்கையாளரைச் சேவைக்காகக் கூப்பிட 1600-ல ஆரம்பிக்கிற நம்பர் ஒதுக்கியிருக்காங்க. அதனால சாதாரண பத்து இலக்க நம்பர்ல இருந்து "பேங்க்ல இருந்து பேசறேன்"னு சொன்னா, போனை வெச்சிட்டு நேரா பேங்க்குக்குப் போய்க் கேளுங்க. மெசேஜ்ல அனுப்பினவர் பேரோட கடைசி எழுத்தையும் பாருங்க. ஆங்கில 'பி' இருந்தா விளம்பரம். 'எஸ்' சேவை. 'டி' பணப் பரிமாற்றம். 'ஜி' அரசாங்கம். நம்ம பிள்ளைங்க ஒரு நிமிசத்தில் காட்டிக் கொடுப்பாங்க.

ஏமாத்துற மாதிரி அழைப்பு வந்தா, பணம் போகலைன்னாலும், மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் 'சக்சு'ங்கிற பகுதியில் தெரிவிக்கலாம். நம்ம பேர்ல எத்தனை சிம் ஓடுதுன்னும் அதே தளத்தில் பாக்கலாம். எங்க குழுவில் ஒரு அக்கா பார்த்தாங்க. ஒரு சிம் வெச்சிருக்கிறவங்க பேர்ல மூணு சிம் இருந்தது. எப்பவோ எங்கேயோ கொடுத்த ஆதார் ஜெராக்ஸ். "இது என்னுது இல்லை"ன்னு அங்கேயே அழுத்திப் புகார் பண்ணிட்டாங்க.

வராமல் போன ஒரு தங்கச்சி

இப்ப சொல்லப்போறது நம்ம குழுவில் நடந்தது. அந்தத் தங்கச்சிகிட்ட கேட்டுட்டுத்தான் சொல்றேன். "பேரு வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்க அக்கா, நாலு பேருக்கு உபயோகமா இருக்கும்"னு சொல்லிச்சு.

பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ் கட்டணும். குழுவில் ஏற்கெனவே ஒரு கடன் நிலுவை. மறுபடி கேக்கக் கூச்சம். அப்ப போனுக்கு ஒரு மெசேஜ்: "ஐந்து நிமிடத்தில் கடன், ஆவணம் தேவையில்லை." அதைத் தொட்டிருக்கா. ஒரு ஆப் இறங்கியிருக்கு. "தொடர்புகளைப் பார்க்க அனுமதி", "போட்டோவைப் பார்க்க அனுமதி", "இருப்பிடம் பார்க்க அனுமதி"ன்னு வரிசையாக் கேட்டிருக்கு. எல்லாத்துக்கும் சரி, சரி, சரி. கேட்டது 6,000. கையில வந்தது அதைவிடக் குறைச்சல். ஒரு வாரத்தில் முழுசாக் கட்டச் சொன்னான். கட்டினா. இன்னும் பாக்கின்னான். அதையும் கட்டினா.

அப்புறம் ஒரு நாள் காலையில நம்ம குழுவில் இருக்கிற 14 பேர் போனுக்கும் ஒரு படம் வந்தது. அவ முகம். உடம்பு வேற யாருதோ. கீழே "இவள் திருடி"ன்னு எழுத்து. நமக்கு மட்டும் இல்லை. அவ அண்ணனுக்கு, பிள்ளையோட டீச்சருக்கு, கேஸ் போடுற தம்பிக்கு. அவ போன்ல யாரு யாரு நம்பர் இருந்ததோ அத்தனை பேருக்கும்.

ரெண்டு கூட்டத்துக்கு அவ வரலை. சேமிப்பை மட்டும் பிள்ளைகிட்ட கொடுத்துவிட்டா. நாங்களும் போகலை. படத்தைப் பார்த்தவங்க, "நாம பார்த்தது தெரிஞ்சா அவளுக்கு அசிங்கம்"னு பேசாம இருந்தோம். அவளோ, "எல்லாரும் பார்த்துட்டாங்க, அதான் ஒருத்தரும் வரலை"ன்னு நினைச்சுக்கிட்டா. அந்தக் கம்பெனிக்காரன் எதை நம்பித் தொழில் பண்றான்னு எனக்கு அப்பத்தான் புரிஞ்சது. நம்ம வெக்கத்தை நம்பி. நாம ஒருத்தருக்கொருத்தர் பேசிக்க மாட்டோம்கிறதுதான் அவனுக்கு ஈடு. நகை, பத்திரம் எதுவும் வாங்காம கடன் கொடுத்தான்னு நினைச்சோம். நம்ம மானத்தையும் நம்ம 14 பேர் நம்பரையும் ஈடா வாங்கிட்டுத்தான் கொடுத்திருக்கான்.

மூணாவது வாரம் எங்க பிரதிநிதி அக்கா பொறுக்க மாட்டாம நேரா அவ வீட்டுக்குப் போனாங்க. "ஏய், அந்தப் படம் எனக்கும் வந்துச்சு. அது நீ இல்லைன்னு எனக்குத் தெரியும். எந்திரி, முகத்தைக் கழுவு"ன்னாங்க. அன்னைக்கு ராத்திரி அவ என்ன முடிவுல இருந்தான்னு பின்னாடி சொன்னப்ப எங்க எல்லாருக்கும் உடம்பு நடுங்கிப் போச்சு.

மறுநாள் அஞ்சு பேர் சேர்ந்து மாவட்ட சைபர் கிரைம் போலீசுக்குப் போனோம். படம், மெசேஜ், பணம் கட்டின ரசீது எதையும் அழிக்காம எடுத்துட்டுப் போனோம். அவங்க புகார் எழுதிக்கிட்டாங்க. ஆப்பை எடுத்தோம். யாரு மிரட்டினாலும் ஒரு பைசா கட்டாதேன்னு சொன்னோம். கட்டின பணம் திரும்ப வரலை, உண்மையைச் சொல்லணும். ஆனா கொஞ்ச நாள்ல மிரட்டல் நின்னுது. ஸ்கூல் பீசுக்குக் குழுவிலேயே சங்கக் கடன் கொடுத்தோம். முதல் நாளே கேட்டிருந்தா முதல் நாளே கொடுத்திருப்போம்.

அவளுக்கு வந்த அந்த முதல் மெசேஜ், நான் ஹாட் பாக்ஸுக்குக் கொடுத்த லிஸ்டில் இருந்து வந்ததான்னு யாராலயும் சொல்ல முடியாது. இல்லைன்னு என்னாலயும் சொல்ல முடியாது.

இதில் சட்டம் என்ன சொல்லுதுன்னு கேளுங்க. ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் ஒரு வழிகாட்டுதல் போட்டிருக்கு. கடன் கொடுக்கிற ஆப், நம்ம போன்ல இருக்கிற தொடர்பு எண்களையோ, போட்டோ மாதிரி கோப்புகளையோ, யாருக்குப் பேசினோம்ங்கிற பட்டியலையோ தொடவே கூடாது. கேமரா, இருப்பிடம் இதெல்லாம் ஆள் யாருன்னு சரிபார்க்க ஒரு தடவை மட்டும், நம்ம சம்மதத்தோட. பணம் நேரா நம்ம வங்கிக் கணக்குக்கு வரணும். வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்து வருசத்துக்கு எவ்வளவுன்னு முன்னாடியே எழுத்தில் தரணும். அதே 2022-ல, கடன் வசூலிக்கிறவங்க பொது இடத்தில் அவமானப்படுத்தக் கூடாது, சொந்தக்காரங்க, சிநேகிதிகளைத் தொந்தரவு பண்ணக் கூடாது, காலை 8 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 7 மணிக்கு அப்புறமும் போன் பண்ணக் கூடாதுன்னும் சொல்லியிருக்கு. ஆகவே "தொடர்புகளைப் பார்க்க அனுமதி கொடு"ன்னு ஒரு கடன் ஆப் கேட்டாலே, அது முறையானது இல்லைன்னு அங்கேயே தெரிஞ்சு போச்சு. அனுமதிக்காதீங்க, அழிச்சிடுங்க. பணம் ஏமாந்துட்டா உடனே 1930. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நடுவழியில் நிறுத்த வாய்ப்பு அதிகம்.

எங்க இருக்கேன்னு யாருக்குத் தெரியணும்?

அடுத்தது இருப்பிடம். லொக்கேஷன்னு சொல்றோமே, அது.

நம்ம போன், பட்டன் போனா இருந்தாலும், பக்கத்து டவரோட பேசிக்கிட்டே இருக்கும். அதனால ஏறக்குறைய எந்தப் பக்கம் இருக்கோம்னு சிம் கம்பெனிக்குத் தெரியும். பெரிய போன்ல இது இன்னும் துல்லியம். மேலே சுத்துற செயற்கைக்கோள் நம்மைப் பாக்குதுன்னு பலபேர் நினைக்கிறோம். அது பாக்கலை. ரேடியோவில் பாட்டு வர்ற மாதிரி, கோள் அனுப்புற சைகையைப் போன் வாங்கிக்குது, அவ்வளவுதான். வாங்கின சைகையை வெச்சு "நான் இந்தத் தெருவில் இருக்கேன்"னு போனே கணக்குப் போடுது. அந்தக் கணக்கை வெளியே அனுப்புறது நாம அனுமதி கொடுத்த ஆப். அப்ப சாவி எங்க இருக்கு? கோள்கிட்ட இல்லை, நம்ம கையில இருக்கு.

டார்ச் அடிக்கிற ஆப்புக்கும், ராசி பலன் ஆப்புக்கும் நாம எங்க இருக்கோம்னு எதுக்குத் தெரியணும்? அமைப்புகள்ல 'இருப்பிடம்'னு ஒரு இடம் இருக்கு. எந்தெந்த ஆப் பாக்குதுன்னு பட்டியல் வரும். வழி காட்டுற மேப்புக்கு "பயன்படுத்தும்போது மட்டும்"னு வைங்க. மத்ததுக்கு அனுமதியே வேண்டாம்.

லொக்கேஷனே கெட்டதுன்னு நான் சொல்லலை. நம்ம பூக்கார அக்கா ஒருத்தர் இருட்டோட கிளம்பி நிலக்கோட்டை மார்க்கெட்டுக்குப் போறாங்க. கிளம்பும்போது வாட்ஸ்அப்பில் மகளுக்கு நேரலை இருப்பிடம் அனுப்பிடுவாங்க. அதில் 15 நிமிசம், ஒரு மணி நேரம், 8 மணி நேரம்னு மூணு இருக்கு. ஒரு மணி நேரம் போடுவாங்க. மார்க்கெட் போய்ச் சேர்ந்ததும் அவங்களே நிறுத்திடுவாங்க. மகளுக்கு நிம்மதி, அம்மாவுக்குத் தைரியம்.

இன்னொரு பொண்ணு. கூட்டம் முடிய அரை மணி நேரம் தள்ளிப் போச்சுன்னா முகம் வெளிறிப் போகும். ஏன்னு ஒரு நாள் கேட்டப்ப அழுதுட்டா. புதுப் போன் வாங்கிக் கொடுத்தப்பவே வீட்டுக்காரர் அதில் ஏதோ போட்டு வெச்சிருக்கார். எங்க நின்னாலும், யாருகூடப் பேசினாலும், வீட்டுக்குள்ள நுழையும்போதே கேள்வி வரும். வாட்ஸ்அப் மெசேஜையும் அவர் போன்ல இருந்தே படிக்கிறார்.

ரெண்டு பேர் போன்லயும் ஓடுறது ஒரே லொக்கேஷன்தான். வித்தியாசம் எங்க இருக்கு? அந்த அக்கா தானே கொடுத்தாங்க, வேண்டாம்னா தானே நிறுத்தினாங்க. இந்தப் பொண்ணைக் கேக்கவும் இல்லை, அவளால நிறுத்தவும் முடியலை. நான் இன்னைக்கு எவ்வளவு பேசினாலும் நீங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போக வேண்டியது இந்த ரெண்டு கேள்விதான்: என்னைக் கேட்டுட்டு எடுத்தாங்களா? வேண்டாம்னா நான் நிறுத்த முடியுமா? விளம்பரக்காரனுக்கும் இதே கேள்வி. கடன் ஆப்புக்கும் இதே கேள்வி. கட்டின புருசனுக்கும் இதே கேள்விதான்.

வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்'னு ஒரு இடம் இருக்கு. நமக்குத் தெரியாத போனோ கம்ப்யூட்டரோ அதில் இருந்தா, நம்ம மெசேஜை வேற யாரோ படிக்கிறாங்கன்னு அர்த்தம். கூகுள் மேப்பில் நம்ம படத்தைத் தொட்டா 'இருப்பிடப் பகிர்வு'ன்னு வரும். யாருக்குப் போகுதுன்னு அதில் தெரியும். ஆனா ஒரு எச்சரிக்கை. வீட்டில் அடி உதைக்குப் பயந்து இருக்கிறவங்க அவசரப்பட்டு எதையும் அழிச்சிடாதீங்க. அழிச்சது அவருக்குத் தெரியும், கோபம் உங்க மேல திரும்பும். முதல்ல நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட சொல்லுங்க. வேற ஒருத்தர் போன்ல இருந்து பெண்கள் உதவி எண் 181-க்குப் பேசுங்க.

வெளியாள் ஒருத்தன் இப்படி வேவு பார்த்தா அது சட்டப்படி குற்றம். 2024 ஜூலை 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 78-ஆம் பிரிவு. ஒரு பெண் விருப்பமில்லைன்னு தெளிவாக் காட்டியும் பின்தொடர்றது, திரும்பத் திரும்பத் தொடர்பு கொள்றது, அவளோட இணையப் பயன்பாட்டையும் மெசேஜையும் கண்காணிக்கிறது எல்லாம் அதில் அடங்கும். முதல் தடவைக்கே மூணு வருசம் வரை சிறை.

இது உரிமை

"நம்மகிட்ட மறைக்க என்ன இருக்கு?"னு சிலர் சொல்றோம். மறைக்கிறது வேற, கதவு வெச்சுக்கிறது வேற. நாம யாரும் வீட்டில் திருட்டுச் சாமான் வெச்சிருக்கலை. ஆனாலும் குளிக்கிற இடத்துக்குக் கதவு வெச்சிருக்கோம்.

இதைச் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. கர்நாடகத்தில் புட்டசாமின்னு ஓய்வு பெற்ற நீதிபதி ஒருத்தர், 80 வயசு தாண்டின பிறகு, ஆதார் விஷயமா 2012-ல வழக்குப் போட்டார். அதில், அந்தரங்கம்ங்கிறது மனுசனுக்கு உரிமையா இல்லையான்னு கேள்வி எழுந்து, ஒன்பது நீதிபதிகள் உட்கார்ந்து கேட்டாங்க. 2017 ஆகஸ்ட் 24-ஆம் தேதி ஒன்பது பேரும் ஒரே குரலில், அது அடிப்படை உரிமைன்னு தீர்ப்புச் சொன்னாங்க. பணக்காரங்களுக்கு மட்டும் உரிமைன்னு சொல்லலை. பூக்காரிக்கும் உண்டு, நூறு நாள் வேலைக்குப் போறவங்களுக்கும் உண்டு.

நாம செய்ய வேண்டியது

கடைசியா, செயலாளர்ங்கிற முறையில் மூணு தீர்மானம் உங்க முன்னாடி வைக்கிறேன்.

ஒண்ணு. உறுப்பினர்கள் நம்பர் இருக்கிற நோட்டு இனி பணப்பெட்டி மாதிரி பூட்டில் இருக்கும். கம்பெனி கேட்டாலும், கட்சிக்காரங்க கேட்டாலும், கூட்டத்தில் சொல்லி, அவங்கவங்க சரின்னு சொன்னாத்தான் கொடுக்கணும். அலுவலகத்துக்குக் கொடுக்கறதா இருந்தாலும் எதுக்குக் கேட்டாங்கன்னு தீர்மான நோட்டில் எழுதணும். கடன் நிலுவையும் போன் நம்பரும் ஒரே பக்கத்தில் இருக்கவே கூடாது.

ரெண்டு. மாசக் கூட்டத்தில் கால் மணி நேரம் செல்போனுக்கு. எல்லாரும் போனை எடுத்து, 1909 பதிவு இருக்கா, எந்த ஆப் என்ன பாக்குதுன்னு ஒருத்தருக்கொருத்தர் காட்டிப் பாத்துக்கணும். தெரிஞ்ச தங்கச்சி தெரியாத அக்காவுக்குச் சொல்லிக் கொடுக்கணும்.

மூணு. இதுதான் முக்கியம். ஒருத்தர் பத்தி அசிங்கமா ஒரு படமோ மெசேஜோ வந்தா, அன்னைக்கே ரெண்டு பேர் அவங்க வீட்டுக்குப் போகணும். "எனக்கும் வந்துச்சு, நான் நம்பலை"ன்னு நேர்ல சொல்லணும். மூணு வாரம் ஆகக் கூடாது.

1989-ல தருமபுரி மாவட்டத்தில் முதல் குழுக்கள் ஆரம்பிச்சப்ப யாரு கையிலயும் செல்போன் கிடையாது. இந்தியாவுக்குச் செல்போன் வந்ததே 1995-லதான். வங்கி நம்மை நம்பாத காலத்தில், பாயை விரிச்சு உட்கார்ந்து, ஒருத்தர் பணத்தை இன்னொருத்தரை நம்பிக் கொடுத்து வளர்ந்ததுதான் இந்த இயக்கம். அந்தப் பணத்தில் ஒரு ரூபாய் குறைஞ்சாலும் நான் தூங்க மாட்டேன். ஆனா நீங்க நம்பிக் கொடுத்த 63 நம்பரை ஒரு டப்பாவுக்குக் கொடுத்துட்டு நல்லாத் தூங்கினேன். அது பணத்துக்குச் சமமான ஒண்ணுன்னு எனக்கு அன்னைக்குத் தெரியலை.

அந்த 63 பேரில் பாதிப்பேர் இங்கேயே உட்கார்ந்திருக்கீங்க. உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிறேன். இந்தப் பதவிக்கு நான் இருக்கலாமா வேண்டாமான்னு அடுத்த கூட்டத்தில் நீங்களே முடிவு பண்ணுங்க. எதுவானாலும் தீர்மான நோட்டில் நானே எழுதறேன்.